போணி ஆகும்வரை

தாம்பரம் சந்தையில் என்னைச் சாகடித்துவிட்டார்கள். விஷயம் எனக்குத் தெரியவந்தது ஒரு சனிக்கிழமை காலை, இரும்புலியூர் வீட்டில் கண்ணாடி முன் நின்று பாதி முகம் சவரம் செய்து முடித்திருந்தபோது. செய்தி கொண்டுவந்தவள் என் மனைவி ரத்தினபாய். கையில் கத்திரிக்காய்ப் பை இருந்தது. முகத்தில் சிரிப்பும் இருந்தது, எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"சந்தையிலே உங்களுக்குக் காரியமே பண்ணி முடிச்சுட்டாங்க," என்றாள்.

அந்த வருஷம்தான் நாங்கள் பெரம்பூரிலிருந்து இரும்புலியூருக்குக் குடிவந்திருந்தோம். அதுவரை தெருவில் வரும் கூடைக்காரியிடம் வாங்கிக்கொண்டிருந்தவள், அன்றுதான் முதல்முறையாகச் சனிக்கிழமைச் சந்தைக்குப் போனாள். கீழ்க்கட்டளை, மேடவாக்கம் பக்கத்து விவசாயிகள் தங்கள் கொல்லையில் விளைந்ததை வண்டி கட்டிக் கொண்டுவந்து தாங்களே விற்கிற இடம். கீழ்க்கட்டளை சுப்பராயலு என்பவர் முன்னால் கத்திரிக்காய் பனி ஈரத்தோடு குவிந்து கிடந்ததாம். இவள் குனிந்து ஒன்றை எடுக்கப் போனாள். மனிதர் சாக்கை இழுத்துக் குவியலை மூடிவிட்டார்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா. போணி ஆவட்டும்."

போணி என்றால் அன்றைய முதல் வியாபாரம். முதல் காசு யார் கையிலிருந்து வருகிறதோ அந்தக் கையைப் பொறுத்துத்தான் அன்றைய விற்பனை என்று எல்லாக் கடைக்காரர்களும் நம்புவார்கள். நம்பிவிட்டுப் போகட்டும். ஆனால் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த வேறொரு அம்மாள் வந்து வாங்கிப் போகும்வரை என் மனைவியை ஓரமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அந்த ஆள் அவளை விதவை என்று நினைத்திருக்கிறான்.

நினைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் இரண்டு குடும்பமும் பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைக் குடும்பங்கள். எங்கள் பெண்கள் பொட்டு வைப்பதில்லை, பூ வைப்பதில்லை. ரத்தினபாய் பள்ளிக்கூட டீச்சர் வேறு, வெளுத்த வாயில் புடவைதான் எப்போதும். கழுத்துவரை மூடிய ரவிக்கை. தாலி மெல்லிய சங்கிலியில் உள்ளே கிடக்கும், கட்டிய எனக்கே கண்ணில் படுவது அபூர்வம்.

"அதுக்காக? நான் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன்!" என்று கத்தினேன். "சம்பளம் வாங்குறேன், வாடகை கொடுக்குறேன், மூச்சு விடுறேன். ஒரு கத்திரிக்காய்க்காரன் என்னைக் குழியில் இறக்குவானா?"

"சவரத்தை முடிங்க. பாதி மீசையோடு கோபப்பட்டா பார்க்கச் சகிக்கலை," என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சைதாப்பேட்டை ஆபீசில் பக்கத்து மேஜை ஸ்ரீரங்கனிடம் சொன்னேன். அவன் ஆறுதல் சொல்லாமல், "எலியேசர் சார், செத்தவங்க லீவு லெட்டர் கொடுக்க வேண்டாமே" என்றான். அன்றிலிருந்து ஆபீசில் எனக்குத் தேநீர் வைக்கும்போதுகூட ஒருவருக்கொருவர் கண்ணடித்துக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை நான் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போடுகிற கால்சட்டை, இஸ்திரி போட்ட சட்டை, பளபளவென்று தேய்த்த ஷூ. உயிரோடிருக்கிறேனா என்று எவனுக்கும் சந்தேகம் வரக்கூடாது பாருங்கள். ரத்தினபாய் பையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

சுப்பராயலு அப்போதுதான் சாக்கை விரித்துக்கொண்டிருந்தார். காதில் கடுக்கன் போட்ட பெரிய மனிதர். அந்த வரிசையில் அவர் சொன்னதுதான் சட்டம் என்று பார்த்தவுடனே தெரிந்தது. நான் நேரே போய் அவர் முன்னால் நின்றேன்.

"இந்த அம்மாவை யாருன்னு நினைச்சீர்?"

அவர் நிமிர்ந்து ரத்தினபாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் ஷூவைப் பார்த்தார். "இன்னா சார்?"

"என் சம்சாரம்! பள்ளிக்கூட டீச்சர்! நான்தான் புருஷன்! நல்லாப் பார்த்துக்கோ, கை இருக்கு, கால் இருக்கு. சுமங்கலியை நிறுத்தி வெச்சு அவமானம் பண்ணினியே, உனக்குக் கண் இல்லையா?"

சந்தையே திரும்பிப் பார்த்தது. சுப்பராயலு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஐயையோ, தப்பா நெனைச்சுக்காதீங்க சார். நெத்தில பொட்டு இல்ல, தலைல பூவு இல்ல, வெள்ளப் பொடவை. நான் இன்னான்னு நெனைக்கறது? தெரியாம ஆயிப்போச்சு. டீச்சரம்மா, இன்னிக்கு நீயே போணி பண்ணு தாயி. உங்கையாலதான் ஆவணும்."

நான் ரத்தினபாயைப் பார்த்து, சங்கிலியை வெளியே எடுத்துக் காட்டு என்று கண்ணால் ஜாடை செய்தேன். அவள் காட்டவில்லை. கத்திரிக்காய் எடுத்தாள், காசு கொடுத்தாள். அவர் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கொசுறாக ஒரு கை நிறையக் கறிவேப்பிலையைப் பையில் போட்டார். நான் போரில் ஜெயித்தவன்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மீன் கடைப் பக்கம் நடந்தேன்.

மீன்காரப் பெண்கள் கோவளம் குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் கூடையைக் கூரைமேல் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள். அவர்கள் வரிசையில் முதல் இடம் காலியாகக் கிடந்தது. ரத்தினபாய் அதைப் பார்த்தாள். பிறகு சந்தை வாசலுக்கு வெளியே பார்த்தாள். அங்கே சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம், நிழல்கூட இல்லாத இடத்தில், ஈரச் சாக்கு போட்டு மூடிய கூடையை மடியோடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மாசி மாதம், வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது.

"ஏம்மா வெளியே உட்கார்ந்திருக்கே?" என்று ரத்தினபாய் அவளிடம் போய்க் கேட்டாள்.

"உள்ள அல்லாருக்கும் போணி ஆவணும்மா. அதுக்கப்பாலதான் நான் கூடைய எறக்கணும்."

"யார் சொன்னது?"

"அல்லாரும்தான்." அவள் பெயர் அங்காளம்மாள். வரிசையில் காலியாகக் கிடந்த முதல் இடம் அவளுடையது. ஐப்பசிப் புயலில் கடலுக்குப் போன அவள் புருஷன் துலுக்காணம் திரும்பி வரவில்லை. கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது. துக்கம் முடிந்து சந்தைக்கு வந்தவளைப் பார்த்ததும், தாலியறுத்தவள் முகத்தில் விழித்தால் போணி விளங்காது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதையெல்லாம் அவள் வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னாள்.

"அப்போ இந்த மீன்?"

அங்காளம்மாள் சாக்கை லேசாகத் தூக்கிக் காட்டினாள். சங்கரா மீன். காலையில் கண்ணாடிபோல இருந்திருக்கும். இப்போது கண் மங்க ஆரம்பித்திருந்தது. "உள்ள போறதுக்குள்ள நொந்து பூடுது. செவுளத் தூக்கிப் பாத்துட்டு அல்லாரும் திட்டிட்டுப் போறாங்க. இன்னும் ரெண்டு சந்தை இப்பிடியே போச்சுன்னா படகுக்காரன் எனக்கு மீனு குடுக்கமாட்டான். கூடையக் கவுத்துக்கினு வூட்ல குந்திக்க வேண்டியதுதான். ரெண்டு கொழந்தைங்க கீதும்மா."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "எடு மீனை. இங்கேயே வாங்கிக்கிறேன். எவன் கேட்கிறான் பார்ப்போம்," என்றேன்.

"வேணாம் சார்," என்று அவள் சாக்கை இழுத்து மூடினாள். "வாசல்ல வெச்சு வித்தா அப்பால உள்ளயும் வுடமாட்டாங்க."

நான் உள்ளே ஓடினேன். மீன் வரிசையில் இரண்டாவது இடத்தில் பொன்னி என்று ஒருத்தி. விசாரித்தால், துலுக்காணத்தின் உடன்பிறந்த தங்கச்சி! சொந்த அண்ணன் பெண்டாட்டியை வெயிலில் நிறுத்திவிட்டு இவள் நிழலில் உட்கார்ந்து மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டேன்.

"எனக்கு மட்டும் ஆசையா சார்?" என்று அவள் சீறினாள். "செத்தது எங்கண்ணன். அழுவாத நாளில்ல. ஆனா அண்ணிய என் பக்கத்துல குந்த வெச்சா என் மீனையும் தொடமாட்டேங்கறாங்க. எனக்கும் வயிறு கீது இல்ல?"

சுப்பராயலுவிடம் போய்க் கத்தினேன். அவர் கோபப்படவில்லை. "ஊரு வழக்கம் சார். நாளைக்கு எங்க வூட்லயே ஒண்ணு ஆனாலும் இதான்," என்று தராசைத் துடைத்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அன்றைக்கு நாங்கள் மீன் வாங்காமலே திரும்பினோம்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் நடக்கும்போது நான் விடாமல் பேசிக்கொண்டே வந்தேன். படிப்பறிவில்லாத ஜனங்கள் என்றேன். காட்டுமிராண்டித்தனம் என்றேன். ரத்தினபாய் நெடுநேரம் கேட்டுக்கொண்டே வந்துவிட்டு, "நீங்க அந்த ஆள்கிட்ட என்ன சொன்னீங்க?" என்றாள்.

"என்ன சொன்னேன்?"

"இவ சுமங்கலி, இவளை எப்படி நிறுத்தலாம்னு கேட்டீங்க. அப்போ சுமங்கலி இல்லாதவளை நிறுத்தலாமா?"

"நான் அப்படியா சொன்னேன்?"

"அந்த ஆளுக்கு அப்படித்தானே கேட்டிருக்கும். உங்களுக்கு வந்த கோபமெல்லாம் உங்களைச் சாகடிச்சதுக்கு. அந்தப் பொண்ணுக்குப் புருஷன் நிஜமாவே செத்துட்டான்."

எனக்கு வந்த கோபத்தில் ரோட்டிலேயே நின்றுவிட்டேன். நான் யாருக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன்? இவளுக்காக! அதற்கு இந்தப் பேச்சா? "நம்ம ஜனங்க இப்படியெல்லாம் பண்ணமாட்டாங்க. அது ஒண்ணு போதும் எனக்கு," என்றேன்.

"அப்படியா? நம்ம கல்யாணத்தன்னிக்குத் தபீதாள் சித்தி எங்கே இருந்தா, சொல்லுங்க."

தபீதாள் சித்தி தாயில்லாத ரத்தினபாயை எடுத்து வளர்த்தவள். சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். எங்கள் கல்யாணத்தில் அவளை நான் பார்த்ததாகவே ஞாபகம் இல்லை.

"தாலித் தட்டைத் தொடக்கூடாதுன்னு உங்க அக்கா சொல்லிட்டாங்க. அடுப்படியிலே வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. வெங்காயத்தாலேதான் கண்ணு சிவந்திருக்குன்னு என்கிட்ட சொன்னா." இத்தனை வருஷத்தில் இதை அவள் எனக்குச் சொன்னதில்லை. "பைபிளும் கையுமா நிக்கிற வீட்டிலேயே அப்படி. சுப்பராயலுவை மட்டும் சொல்லி என்ன?"

என் அக்காவை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று ராத்திரியே அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு," என்று ரத்தினபாய் பேனாவை வாங்கி மூடி வைத்துவிட்டாள். "சனிக்கிழமை வரட்டும். என்கூட வாங்க. நான் என்ன சொன்னாலும் குறுக்கே பேசாதீங்க, அது போதும்."

அந்தச் சனிக்கிழமை நான் ஷூ போடவில்லை. பழைய வேட்டி, கையில் காலிப் பை. சந்தை அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் சுப்பராயலு எழுந்தே நின்றுவிட்டார்.

"வா தாயி, வா! உனக்காவத்தான் காத்துக்கினு கீறேன். போன வாரம் உங்கையால போணி ஆச்சு பாரு, வெயில் ஏர்றதுக்குள்ள அம்புட்டும் வித்துப்போச்சு. இப்பிடி ஒரு கைராசிய நான் பாத்ததே இல்ல." பக்கத்துக் கீரைக்காரரைப் பார்த்து, "நாஞ்சொன்னனே, அந்த டீச்சரம்மா இதான்," என்றார். கீரைக்காரர், பூசணிக்காரர், மீன்காரப் பொன்னி எல்லோருமே, "அம்மா, இங்க வாம்மா, நம்ம கடைல பண்ணும்மா" என்று கூப்பிட்டார்கள். போன வாரத்துக்கு முந்தின வாரம் தள்ளி நிறுத்தப்பட்டவளுக்கு இந்த உபசாரம்!

"இருங்க, வர்றேன்," என்றாள் ரத்தினபாய்.

நேரே வாசலுக்குப் போனாள். அங்காளம்மாள் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். இவள் அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். அவள் வரமாட்டேன் என்று பின்னுக்கு இழுத்தாள். இவள் விடவில்லை. இரண்டு பேரும் கூடையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு சந்தைக்குள் வந்தார்கள். கூப்பாடெல்லாம் அடங்கிப்போயிற்று. யாரோ ஒரு கடைக்காரன் அவசரமாகச் சாக்கை இழுத்துத் தன் காயை மூடினான். அதைப் பார்க்க எனக்கு அவன் கையை முறிக்க வேண்டும்போல இருந்தது. பேசாதே என்று சொல்லியிருந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"டீச்சரம்மா, இது ஆவாது," என்றார் சுப்பராயலு. "நீ நல்ல மனசுல செய்யற, புரியுது. ஆனா இன்னும் ஒரு கடைல கூட போணி ஆவல. அறுத்தவள முன்னால இட்டாரலாமா?"

"ஏன், போன வாரம் அறுத்தவ கையாலேதானே உங்களுக்குப் போணி ஆச்சு? வித்துச்சா இல்லையா?"

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"போன வாரமா? போன வாரம் நீயில்ல பண்ண?"

"ஆமா, நான்தான். நானும் அறுத்தவதான்."

"இன்னாம்மா சொல்ற நீ?" என்றார் சுப்பராயலு. "சாரு வந்து சொன்னாரே, புருஷன்னு?"

"அவர் எங்க தெருக்காரர். முதல் வாரம் என்னை நிறுத்தி வெச்சதைக் கேள்விப்பட்டு இரக்கப்பட்டார். விதவைன்னா மதிக்கமாட்டீங்கன்னு ஒரு பொய் சொன்னார். நான் தாலியைக் காட்டினேனா? நீங்களே சொல்லுங்க, என் கழுத்துல தாலியைப் பார்த்தீங்களா?"

சுப்பராயலு பார்த்திருக்கவில்லை. சந்தையில் ஒருவரும் பார்த்திருக்கவில்லை. மூடிய ரவிக்கை, வெறும் நெற்றி, வெள்ளைப் புடவை. முதல் நாள் எதையெல்லாம் பார்த்து அவளை நிறுத்தினார்களோ அதெல்லாம் அப்படியே இருந்தது.

"அறுத்தவ கை பட்டா விளங்காதுன்னீங்க. என் கை பட்டுத்தான் அத்தனையும் வித்துச்சுன்னு இப்போ நீங்களே ஊரைக் கூட்டிச் சொன்னீங்க. கீரைக்காரரே, நீங்களும்தானே கேட்டீங்க? அப்போ என் கை மட்டும் எப்படி ராசியாச்சு? இவ கை மட்டும் எப்படி ஆகாமப் போச்சு?"

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம்கூட அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. தபீதாள் சித்தி உரித்த வெங்காயம் அத்தனையும் அந்தக் குரலில் இருந்தது.

சுப்பராயலு என் பக்கம் திரும்பினார். சந்தை முழுதும் திரும்பியது. "சார், நீயே சொல்லு. நீ இந்தம்மாவுக்கு யாரு?"

இரண்டு வாரத்துக்கு முன்னால், நான் செத்துவிட்டேன் என்று நினைத்ததற்காக இதே மனிதர்மேல் வீட்டில் நின்று கத்தியிருக்கிறேன். போன வாரம் கஞ்சி போட்ட சட்டையோடு வந்து இதே இடத்தில் நின்று, உயிரோடிருக்கிறேன் பார் என்று மார்தட்டியிருக்கிறேன். ரத்தினபாய் என்னைப் பார்க்கவே இல்லை. அங்காளம்மாள் தலையைக் குனிந்துகொண்டு ஈரச் சாக்கின் முனையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அந்த அம்மா சொல்றது சரிதான்," என்றேன். "அவங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாளாச்சு. நான் பை தூக்க வந்தவன்."

சுப்பராயலு தன் கத்திரிக்காயைப் பார்த்தார். முதலில் அசைந்தவள் பொன்னிதான். தன் கூடையை இழுத்துக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். நகர வேண்டிய அவசியமே இல்லை, அண்ணியின் இடம் ஏற்கெனவே காலியாகத்தான் கிடந்தது. "வா அண்ணி, குந்து," என்றாள், நிமிர்ந்து பார்க்காமலே.

அங்காளம்மாள் உட்கார்ந்து சாக்கை எடுத்தாள். சங்கரா மீன் இன்னும் செவுள் சிவப்பு மாறாமல், கண் தெளிவாக இருந்தது. ரத்தினபாய் ஒரு கூறு எடுத்துக் காசு கொடுத்தாள். அந்தக் காசை அங்காளம்மாள் கண்ணில் ஒற்றி மடியில் முடிந்துகொண்டாள். கீரைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டீச்சரம்மா, அப்பிடியே நம்ம கடைக்கும் ஒரு கை..." என்று இழுத்தார். சுப்பராயலு அவரை முறைத்தார். "ஏய்யா, மொதல்ல என் கடை," என்றார்.

ரத்தினபாய் கத்திரிக்காய் பொறுக்கப் போனாள். நான் மீனை வாங்கிக்கொள்ளக் கூடைக்கு முன்னால் குனிந்தேன். அங்காளம்மாள் கொசுறாக இன்னொரு மீனை எடுத்துப் பையில் போட்டாள். போட்டுவிட்டு, பக்கத்தில் பொன்னிக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்.

"அந்தம்மா முகத்தப் பாத்தாலே தெரியுது சார், நீ யாருன்னு. நீ நூறு வயசு நல்லா இருக்கணும்."

அந்த வாய் வாழ்த்தினால் ஆகாது என்றுதான் அவளை இத்தனை வாரம் வெயிலில் உட்கார வைத்திருந்தார்கள். பையை வாங்கிக்கொண்டு, செத்தவன் மாதிரியே பேசாமல் ரத்தினபாய் பின்னால் போய் நின்றுகொண்டேன்.